மாருத் விமானம் பார்க்கப் போய் மாமாவின் நோட்டைப் படித்து வந்தேன்

முதலில் அந்த ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதையும் நிம்மதியாக எழுத வராது. சேலத்தில் ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலையில் சில்க் போர்டில் இறங்கினேன். முருகேஷ்பாளையாவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அங்கிருந்து ஒன்பது, பத்து கிலோமீட்டர் இருக்கும். 450 ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். மீட்டர் போட்டால் இதில் பாதிகூட ஆகாதே என்றேன். "இந்த நேரத்துக்கு யாரும் மீட்டர் போட மாட்டாங்கம்மா" என்று நல்ல தமிழிலேயே பதில் வந்தது. கையில் பை, விடிய இன்னும் நேரம் இருக்கிறது. 400க்கு ஒத்துக்கொண்டு ஏறினேன். சேலத்திலிருந்து பெங்களூருவுக்கு அரசு பஸ் வாங்கிய கட்டணத்தைவிட இது அதிகம். இரண்டு நாளுக்கென்று 2,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தேன். அதில் ஐந்தில் ஒரு பங்கு சூரியன் உதிக்கும் முன்பே போய்விட்டது. அநியாயம்.

சரி, போன காரியத்துக்கு வருகிறேன். பழைய ஏர்போர்ட் ரோட்டில் இருக்கும், எச்.ஏ.எல். என்கிற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் விமானத் தொழிற்சாலையின் அருங்காட்சியகம்தான் நோக்கம். 2001ல் தொடங்கியது. மாமா அந்தத் தொழிற்சாலையின் என்ஜின் பிரிவில் 34 வருஷம் ஃபிட்டர். சேர்ந்தது 1966ல். எண்பதைத் தாண்டிவிட்டார், முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் "நீ தனியா போனா பிளேனைத்தான் பாப்ப. நான் வந்தா என்ஜினையும் பாப்ப" என்று கிளம்பிவிட்டார். அத்தையும் சேர்ந்துகொண்டார்.

மெஜஸ்டிக்கிலிருந்து வரும் 335இ பஸ் முருகேஷ்பாளையா வழியாகத்தான் போகிறது. அத்தை ஆதாரைக் காட்டினார், காசில்லாத சீட்டு கிடைத்தது. எனக்கு இல்லை. நம்மூர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று பழகிவிட்டோம். இங்கே சக்தித் திட்டத்துக்குக் கர்நாடக முகவரி வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகும் பெண்கள் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்கு மேல் அந்த ரோட்டில் மாரத்தஹள்ளி பக்கம் போகும் பஸ்ஸில் ஏறவே ஏறாதீர்கள்.

உள்ளே நுழைந்தால் மரத்தடியில் விமானங்கள். எச்.டி.-2 இருக்கிறது, டாக்டர் காட்கே வடிவமைத்து 1951 ஆகஸ்ட்டில் முதலில் பறந்த பயிற்சி விமானம். காட்கே ஜெர்மனியில் காற்றியக்க விஞ்ஞானி பிராண்டலிடம் படித்தவர். அப்புறம் மாருத். அதன் முன்னால் நான் அரை மணி நேரம் நின்றிருப்பேன். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், போருக்குப் பிறகு அர்ஜென்டினா போய், அங்கிருந்து 1956ல் பெங்களூரு வந்து உருவாக்கிய போர் விமானம் இது. முதலில் முழு அளவில் மரத்தாலேயே ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். நிஜ மாருத் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. மொத்தம் 147 செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் நடந்த சண்டையிலும் வேலை செய்தது. நினைத்த வேகத்துக்கு ஏற்ற என்ஜின் கடைசி வரை கிடைக்கவில்லை என்பதுதான் அதன் துயரம். கையில் இருந்த ஆர்ஃபியஸ் என்ஜின் இரண்டைப் பூட்டியே ஓட்டினார்கள்.

அந்த ஆர்ஃபியஸ்தான் மாமாவின் என்ஜின்.

உள்கூடத்தில் என்ஜின்களைக் குறுக்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். மாமா நேரே ஆர்ஃபியஸிடம் போய் நின்றார். "எண்ணிப் பாரும்மா, கம்ப்ரஸர்ல எத்தனை வரிசை?" எண்ணினேன், ஏழு. "பின்னாடி எரியற குழாய்?" அதுவும் ஏழு. "டர்பைன் ஒண்ணே ஒண்ணு. சின்ன என்ஜின், சொன்னபடி கேக்கும்." பிறகு போல்ட்டுகளைக் கோத்திருந்த முறுக்குக் கம்பியைக் காட்டினார். லாக்வயர் என்று பெயர். போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கமாகவே இழுக்க வேண்டும்; திசை மாற்றிக் கட்டினால் கட்டியும் பயனில்லை. "பயிற்சியில மாசக்கணக்கா இதை மட்டும் கட்டச் சொல்வாங்க" என்றார். அப்துல் கலாம்கூட சென்னை எம்.ஐ.டி.யிலிருந்து இங்கே பயிற்சிக்கு வந்து என்ஜின் ஓவர்ஹால் வேலைதான் பார்த்தார் என்பதை அத்தை எனக்கு மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் பெருமையாக இருந்தது.

இன்னொரு கூடம் முழுக்கப் புகைப்படங்கள், 1940லிருந்து பத்துப் பத்து வருஷமாக. வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து 1940 டிசம்பரில் தொடங்கிய கம்பெனி எப்படி வளர்ந்தது என்பது அங்கே சுவரில் ஓடுகிறது. அங்கே நின்றபோதுதான் மனசில் இருந்தது தெளிவானது. எனக்குப் படம் போதவில்லை. படத்தில் நிற்கிறவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு லாக்புக் உண்டு: எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது பிரித்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று என்ஜின் போகும் இடமெல்லாம் கூடவே போகும் புத்தகம். வரைபடங்கள், கையேடுகள், பைலட்டுகளின் பறப்புக் குறிப்புகள், இவையெல்லாம் இருந்தால்தான் விமானம் பேசும். இல்லாவிட்டால் அது பெயின்ட் அடித்த தகரம். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

வெளிநாட்டில் இதைப் பெரிய வேலையாகவே செய்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகம், வாஷிங்டனின் டலஸ் (Dulles) விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தன் இரண்டாவது கட்டடத்தில் ஆவணங்களுக்கென்றே படிப்பறை வைத்திருக்கிறது. முன்கூட்டி நேரம் வாங்கினால் யாரும் போய் உட்காரலாம். லண்டன் ஹெண்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியம் பைலட்டுகளின் லாக்புக்குகளையும் விபத்து அட்டைகளையும்கூடச் சேர்த்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோ விமான அருங்காட்சியகத்தின் கதை தெரியுமா? 1978 பிப்ரவரி 22 அன்று அந்த அருங்காட்சியகத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். விமானங்களோடு நூலகமும் ஆவணங்களும் சாம்பலாயின. இன்று அவர்களே லட்சக்கணக்கான பழைய விமானப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பறிகொடுத்தவர்களுக்குத்தான் காகிதத்தின் அருமை தெரிகிறது.

நம் விமான அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றிலும் பொதுமக்கள் உட்கார்ந்து பக்கம் புரட்ட ஒரு மேசை வேண்டும். நாலு நாற்காலி போதும். ஓய்வுபெற்ற தொழிலாளிகளின் வீட்டில் கிடக்கும் காகிதங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

மத்தியானம் பசி. மூன்று பேரும் ஒரு தர்ஷினியில் நின்றுகொண்டே சௌசௌபாத் சாப்பிட்டோம். ஒரு பக்கம் காராபாத், இன்னொரு பக்கம் நெய் மினுங்கும் கேசரிபாத். ரவை குழையாமல் உதிரி உதிரியாக, இடையில் பட்டாணியும் பீன்ஸும், மேலே தேங்காய்ச் சட்னி தாராளமாக. காரத்தில் ஒரு கரண்டி, இனிப்பில் ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும், அதுதான் முறை. காபியோடு மூன்று பேருக்கும் சேர்த்து 240 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் ஐந்து பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம்!

வீட்டுக்கு வந்ததும் மாமா கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். வேட்டிகளுக்குக் கீழே ஒரு நோட்டு. பயிற்சிக் காலத்தில் அவர் கைப்பட எழுதியது. நீல அட்டை, முதுகில் துணி ஒட்டு. உள்ளே பென்சிலில் லாக்வயர் படங்கள்: சரி என்று ஒன்று, தப்பு என்று ஒன்று, தப்பின் மேல் சிவப்பு மசியில் குறுக்குக் கோடு. ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் "வலது சுற்று", "விரல் இறுக்கம் போதும்". பன்னிரண்டாம் பக்க ஓரத்தில் எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை, ஒவ்வொரு வரியும் தெரியும்படி.

"இது மாதிரி மூணு இருந்துச்சு" என்றார்.

மற்ற இரண்டும் எங்கே என்றேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளையடித்தபோது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டாராம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஜன்னல் ஓரம் பாயில் நோட்டை விரித்து, செல்போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தேன். அத்தை எதிரே உட்கார்ந்து பக்கம் எழும்பாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மாமா ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொல்ல, அதையும் பதிவு செய்தேன். 70 பக்கம் முடிவதற்குள் வெளிச்சம் போய்விட்டது, என் பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. இன்னும் 40 பக்கம் பாக்கி. பொங்கல் லீவில் மறுபடி போகிறேன். இந்தத் தடவை ரயிலில் வந்து மெஜஸ்டிக்கில் இறங்கி 335இ பிடிப்பேன்.