உள்ளங்கைய விரிச்சுப் பாருங்க: பாப்பாவோட கொப்புளக் காய்ச்சல் நாட்குறிப்பு

ஜூலை 8, 2025, செவ்வாய்

நேத்து ப்ளேஸ்கூல் விட்டு வந்ததுல இருந்தே பாப்பா தோள விட்டு எறங்கல, ராத்திரி தொட்டுப் பார்த்தா சூடு, தெர்மாமீட்டர் 101 காட்டுச்சு. மூக்கு ஒழுகல, இருமல் இல்ல. இந்த மாசத்துல கோயம்புத்தூர்ல எந்த வீட்டுல கேட்டாலும் ஒரு புள்ளைக்கு காய்ச்சல்தான், அதனால பதறாம பாராசிட்டமால் சிரப் குடுத்தேன். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரைக்கும் குடுக்கலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்காங்க. ஆனா பாட்டில்ல எழுதியிருக்கிற ஸ்ட்ரெங்த்த பார்த்துட்டுத்தான் ஊத்தணும், 5 மில்லியில 120 இருக்கறதும் வருது 250 இருக்கறதும் வருது, பக்கத்து வீட்டு பாட்டில வாங்கி வழக்கமான அளவுல ஊத்துனா டபுளா போயிரும்.

ப்ளேஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அம்மா "எங்க பையனுக்கு வாயெல்லாம் புண்ணு, வேற யாருக்காச்சும் இருக்கா"ன்னு கேட்டிருந்தாங்க.

ஜூலை 9, புதன்

காய்ச்சல் கொறஞ்சிருச்சு, சோறுதான் எறங்க மாட்டேங்குது. பாப்பாவுக்கு ரசம் சோறுன்னா உயிரு, இன்னைக்கு ஒரு வாய் வெச்சதும் "எரியுது"ன்னு துப்பிட்டா. சட்டை முன்பக்கம் பூரா ஜொள்ளு. மூணு வயசாச்சு, ஜொள்ளு நின்னு எவ்வளவோ காலமாச்சு, திடீர்னு இப்ப ஒழுகுதுன்னா எச்சில் முழுங்கவே வலிக்குதுன்னு அர்த்தம். ஜன்னல்கிட்ட உக்கார வெச்சு போன் டார்ச்ச அடிச்சு ஆ சொல்ல வெச்சேன், நாக்கு ஓரத்துல ரெண்டு, கன்னத்து உள்பக்கம் ஒண்ணு, உள்நாக்குக்குப் பக்கத்துல சின்னச் சின்னதா கொஞ்சம், நடுவுல மஞ்சளாட்டம் வெளுத்து சுத்தி செவந்து இருக்கு.

அத்தை "வயித்துல சூடு கண்ணு, அதான் வாய்ப்புண்ணு"ன்னு மணத்தக்காளி கீரைய தேங்காப்பால் ஊத்தி காரமில்லாம செஞ்சு குடுத்தாங்க. ஆறுனதுக்கு அப்புறம் ரெண்டு ஸ்பூன் எறங்குச்சு. சூடு, புளிப்பு, காரம், உப்பு எதுவும் ஆகல, ஆறுனது மட்டும் போகுது.

ஜூலை 10, வியாழன்

காலையில மேலுக்கு ஊத்தும்போது கைய விரிச்சுப் பார்த்தேன். உள்ளங்கையில அரிசி மாதிரி நீளவாக்குல சாம்பல் கலர்ல கொப்புளம், அப்புறம் உள்ளங்கால், முட்டி, முழங்கை, பின்பக்கம் எல்லாம் பொரிப்பொரியா. நெட்டுல வர்ற போட்டோ எல்லாம் வெள்ளைக்கார புள்ளைங்களோடது, பளிச்சுன்னு செவப்பா இருக்கும், நம்ம புள்ளைங்க நிறத்துக்கு அப்படி தெரியவே தெரியாது, கருஞ்செவப்பா இல்லாட்டி காபி கலர்லதான் இருக்கு, உள்ளங்கையும் காலும் வெளுப்பா இருக்கறதால அங்கதான் நல்லா தெரியுது. சொறியவும் இல்ல பாப்பா.

அத்தை பார்த்ததுமே "அம்மா வந்திருக்கா"ன்னு சொல்லி வாசல்ல வேப்பிலை செருகிட்டாங்க. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல, ஆனா புள்ளைய டாக்டர்கிட்ட காட்டணும்ங்கத்தைன்னு சொல்லி கையோட அவங்களையும் கூட்டிட்டுப் போயிட்டேன்.

டாக்டர் வாய், கை, கால், பின்பக்கம் நாலையும் பார்த்தாங்க, ரத்த டெஸ்ட் எதுவும் எழுதல. இது ஹேண்ட் ஃபுட் மௌத், கை கால் வாய் நோய்னு சொல்றது, காக்ஸாக்கி மாதிரி என்டரோவைரஸ் கூட்டத்துல வர்றது, அஞ்சு வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்களுக்குத்தான் அதிகம், ஒரு வாரம் பத்து நாள்ல தானா போயிரும், ஆன்டிபயாடிக்குக்கு இதுல வேலையே இல்லன்னாங்க. ஆஸ்பிரின் மட்டும் குடுத்துடக் கூடாதுன்னு அழுத்திச் சொன்னாங்க.

அத்தை விடல, "அம்மை இல்லைன்னு எப்படிங்க சொல்றீங்க"ன்னு கேட்டாங்க. அந்த டாக்டர் பொறுமையா சொன்னதுக்கு கோடி புண்ணியம். சின்னம்மைன்னா வயிறு, நெஞ்சு, முதுகு, மூஞ்சின்னு ஆரம்பிச்சு தலைமுடிக்குள்ளயும் வரும், பயங்கரமா அரிக்கும், ஒரே இடத்துல செவந்த புள்ளியும் நீர்க்கொப்புளமும் காஞ்ச பொருக்கும் கலந்து கெடக்கும். மணல்வாரி, அதாவது தட்டம்மைன்னா முதல்ல மூணு நாலு நாள் கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண்ணு செவந்து தண்ணியா கொட்டும், அப்புறம்தான் காதுக்குப் பின்னாடியும் மூஞ்சியிலயும் பொரி வந்து கீழ எறங்கும், அது ஆபத்தானது, அதுக்குத்தான் ஒம்போதாம் மாசமும் ஒண்ணரை வயசு வாக்குலயும் எம்ஆர் ஊசி போடுறோம். இன்னொண்ணு, மூணு நாள் நல்லா காய்ச்சல் அடிச்சு, விட்டதுக்கு அப்புறம் உடம்புல பொரி வந்தா அது ரோசியோலா, பெரும்பாலும் கைக்குழந்தைங்களுக்கு. அத்தை தலையாட்டிட்டு "அப்ப தலைக்கு ஊத்தலாமா"ன்னு கேட்டாங்க. தாராளமா ஊத்துங்கன்னாங்க.

ஜூலை 11, வெள்ளி

ராத்திரி பூரா சிணுங்கல். டாக்டர் சொன்னதுல என் மண்டையில நிக்கறது ஒண்ணுதான்: பொரி எத்தனைன்னு எண்ணாதீங்க, ஒண்ணுக்கு எத்தனை தடவ போறான்னு எண்ணுங்க. வாய் வலியில புள்ளைங்க தண்ணி குடிக்காது, அதுலதான் உடம்பு வத்திப் போகுது. எட்டு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, நாக்கு வறண்டாலோ, அழுதா கண்ணீர் வரலைன்னாலோ உடனே கூட்டிட்டு வரணும். அதனால டம்ளர மூட்டை கட்டிட்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு எளநி, சில்லுன்னு உப்பில்லாத மோர், தயிர ஃப்ரீசர்ல வெச்சு குச்சி ஐஸா. சிரப் குடுத்து அரை மணி கழிச்சு சாப்பாடு குடுத்தா வலி கொறஞ்ச நேரத்துல கொஞ்சம் எறங்குது, இதை எல்லாரும் செஞ்சு பாருங்க.

வேற சிலதும் சொன்னாங்க, நீங்களும் தெரிஞ்சுக்கோங்க. மூணு நாளுக்கு மேல காய்ச்சல் விடாம இருக்கறது, வாந்தி நிக்காம இருக்கறது, தூக்கத்துல திடுக் திடுக்குன்னு தூக்கிப் போடுறது, நடக்கும்போது தள்ளாடுறது, எழுப்பினா எந்திரிக்காம சொருகிப் போறது, மூச்சு வாங்குறது. இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரிதான். என்டரோவைரஸ் 71னு ஒரு வகை மூளை நரம்ப தொடும், 1997ல மலேசியா சரவாக்லயும் 1998ல தைவான்லயும் நெறைய புள்ளைங்க அதுல செத்துப் போச்சு. நம்ம பக்கம் பெரும்பாலும் லேசான வகைதான் வருது, இருந்தாலும் ராத்திரி பாப்பா தூங்குறத பார்த்துக்கிட்டேதான் படுத்திருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

குரூப்ல "தக்காளி காய்ச்சல், கேரளாவுல இருந்து வந்துருச்சு"ன்னு ஒரு ஃபார்வர்டு, எல்லா அம்மாக்களும் நடுங்கிப் போயிட்டாங்க. 2022 மே மாசம் கொல்லத்துல புள்ளைங்களுக்கு பரவினப்போ கேரளா எல்லையில இருக்கற வாளையார் செக்போஸ்ட்டுல நம்ம சுகாதாரத்துறை ஆளுங்க புள்ளைங்கள செக் பண்ணாங்களே, அந்தக் காய்ச்சல்தான். அந்த வருஷம் கேரளா போயிட்டு இங்கிலாந்து திரும்பின ரெண்டு புள்ளைங்கள அங்க டெஸ்ட் பண்ணதுல காக்ஸாக்கி ஏ16னு வந்துச்சு, அதாவது பழைய கை கால் வாய் நோயேதான். கொப்புளம் செவப்பா தக்காளி மாதிரி இருக்குன்னு வெச்ச பேரு, தக்காளி சாப்பிட்டா வர்றது இல்ல. 1957லயே டொரான்டோவுல கண்டுபிடிச்ச நோய் இது. இத குரூப்ல போட்டதும்தான் கொஞ்சம் அடங்குனாங்க.

பொள்ளாச்சியில இருந்து எங்கப்பா ஃபோன் போட்டு "ஏன் அம்மிணி, நம்ம மாட்டுக்கு வந்த கோமாரி புள்ளைக்கு வந்துருச்சா, பால நிறுத்தோணுமா"ன்னு கேட்டாரு. இல்லைங்கப்பா, அது வேற வைரஸ், மாட்டுல இருந்து வர்றது இல்ல, பால காச்சித்தானே குடுக்கறோம்னு சொன்னேன். பேத்தி அப்புச்சிகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா, வாய் கொஞ்சம் ஆறிருச்சு போல.

ஜூலை 15, செவ்வாய்

கொப்புளமெல்லாம் காயுது, இன்னைக்கு இட்லி பால்ல ஊற வெச்சு சாப்பிட்டா. எங்க வீட்டுக்காரருக்கு தொண்டை வலியும் விரல்ல ரெண்டு கொப்புளமும், பெரியவங்களுக்கும் வரும்னு டாக்டர் சொன்னது சரிதான்.

கை கழுவுறதுதான் இப்ப பெரிய வேலை. இந்த வைரஸுக்கு மேல கொழுப்பு உறை கிடையாது, அதனால சானிடைசர் அவ்வளவா கேக்காது, சோப்பு போட்டு நல்லா தேய்ச்சு கழுவணும். பொரி போனதுக்கு அப்புறமும் பல வாரம் மலத்துல வைரஸ் வெளிய வந்துக்கிட்டே இருக்குமாம், அதனால ஆய் கழுவி விட்டதும் சோப்பு கண்டிப்பா. பொம்மை, கதவுக் கைப்பிடி எல்லாம் ப்ளீச்சிங் தண்ணியில தொடைச்சேன்.

ஜூலை 21, திங்கள்

காய்ச்சல் இல்ல, கொப்புளம் காஞ்சிருச்சு, இன்னைக்கு ப்ளேஸ்கூல் போயாச்சு. மிஸ்கிட்ட பாப்பாவோட டம்ளரையும் டவலையும் தனியா வைக்கச் சொல்லியிருக்கேன். இது ஒருதடவ வந்தா திரும்ப வராதுன்னு சில பேரு சொல்றாங்க, அப்படி இல்ல, வேற வகை வைரஸ்ல மறுபடி வரலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நகம் வெட்டும்போது பார்க்கறேன், கட்டை விரல் நகம் அடிப்பக்கத்துல இருந்து தூக்கிட்டு நிக்குது, கால்லயும் ரெண்டு. வலி இல்லையாம். டாக்டருக்கு போட்டோ அனுப்பினேன், இந்த நோய் வந்து ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள சில புள்ளைங்களுக்கு நகம் கழண்டு விழும், முக்கியமா காக்ஸாக்கி ஏ6ல, சுண்ணாம்புச் சத்து கம்மின்னு டானிக் எல்லாம் வாங்காதீங்க, புதுசு தானா வரும்னு சொன்னாங்க. குரூப்ல கேட்டா இன்னும் சில புள்ளைங்களுக்கும் அதே மாதிரி. பிச்சு விடாதீங்க, துணியில மாட்டாத மாதிரி ஓரத்த மட்டும் வெட்டி விடுங்க, ரொம்ப ஆடுச்சுன்னா ஒரு பேண்ட்எய்ட் சுத்தி விடுங்க.