வலு வேறு, சக்தி வேறு

கொழும்பில் நாங்கள் 'பவர்' என்ற ஒரே சொல்லைப் போட்டு எத்தனை விசயம் கதைக்கிறோம்! 'பவர் போயிட்டுது' என்றால் கரண்ட் இல்லை. 'பவர் கூடின குளுசை' என்றால் மில்லிகிராம் அதிகம். கண்ணாடிக் கடையில் கேட்கிற பவர் வில்லையின் கணக்கு, பெரிய இடத்தில் ஆள் தெரிந்தவருக்கு இருப்பதும் பவர்தான். எனர்ஜியும் இப்படித்தான். பிள்ளை துள்ளித் திரிந்தால் 'சரியான எனர்ஜி' என்கிறோம், காய்ச்சல் வந்து படுத்தால் மட்டும் 'உடம்பில பெலனே இல்லை, ஏலாமல் கிடக்கு' என்று பழைய பேச்சு தானாக வந்துவிடுகிறது.

கதைப்பதற்கு இதெல்லாம் போதும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பவரையும் எனர்ஜியையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு கரண்ட் பில்லைப் பார்க்கிறவர்களையும், சோலார் போட விலை கேட்கிறவர்களையும் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே போவது காசு.

எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டும் தெளிவாகப் பிரிந்துதான் இருக்கின்றன. வேலை செய்யக்கூடிய தன்மை சக்தி, அதாவது எனர்ஜி, அதன் அலகு யூல். அந்தச் சக்தியை எவ்வளவு வேகத்தில் செலவழிக்கிறோம் என்பது வலு, அதாவது பவர், அதன் அலகு வாற்று. யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள் 'வலு கெதியா வந்திட்டான்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த 'வலு'வுக்கு 'மிகவும்' என்றுதான் பொருள், ஆனாலும் பக்கத்தில் 'கெதி', அதாவது வேகம், நிற்பதால் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று மனதில் நின்றுவிடுகிறது.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், வெள்ளவத்தை ஃப்ளாட்களில் லிஃப்ட் இல்லாமல் ஏறினவர்களுக்கு இது உடம்பாலேயே தெரியும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 மீற்றர், அதாவது ஏறக்குறைய ஐந்து மாடி, ஏறினால் உடலை உயர்த்த மட்டும் சுமார் 9,000 யூல் வேண்டும். ஆறுதலாக மூன்று நிமிடத்தில் ஏறினாலும் அதே 9,000, ஒரே நிமிடத்தில் ஓடி ஏறினாலும் அதே 9,000. வலு மட்டும் 50 வாற்றிலிருந்து 150 வாற்றுக்குப் போய்விடும், அதுதான் மூச்சு வாங்குகிறது.

இப்போது பில்லுக்கு வருவோம். பில்லில் ஒரு யூனிட் என்று இருப்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம், 36 இலட்சம் யூல். அதே ஐந்து மாடியை 400 தடவை ஏறுகிற சக்தி அது! ஆக, பில் கேட்பது சக்திக்கு. 1,500 வாற்று கேத்தலைப் பார்த்துப் பயப்படுகிற வீடுகளில் 75 வாற்று ஃபேன் ஆளில்லாத அறையில் பகல் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். கேத்தல் ஐந்து நிமிடத்தில் எடுப்பது ஒரு யூனிட்டின் எட்டில் ஒரு பங்குதான். ஃபேன் 13 மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்டே போய்விடும். வாற்றை மட்டும் பார்க்காமல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுகிற நாட்டில்.

பவர் பேங்க் என்ற பெயரும் அப்படித்தான், அதற்குள்ளே சேர்த்து வைப்பது சக்தி. 10,000 மில்லி அம்பியர் மணி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது மின்னேற்றத்தின் அளவு, அதை உள்ளே இருக்கிற பற்றரியின் 3.7 வோல்ற்றால் பெருக்கினால்தான் 37 வாற்று மணித்தியாலம் என்று சக்தி வரும். 5,000 என்று போட்ட போனை இரண்டு தரம் முழுமையாக ஏற்றலாம் என்று நம்பி வாங்காதீர்கள். மின்னழுத்தத்தை மாற்றும்போது வெப்பமாக ஒரு பகுதி போய்விடும், ஒன்றரைத் தரத்தைச் சற்றுத் தாண்டினாலே நல்ல சாமான்.

சோலாரில் 5 கிலோவாற்று என்பது வலு, நல்ல வெயிலில் கிடைக்கக்கூடிய உச்சம். மாதம் எத்தனை யூனிட் வரும் என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யூடியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களை நிறையப் பார்க்கிறார்கள், நல்ல பாடங்கள்தான், நானும் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் அங்கே சக்திக்கு ஆற்றல் என்பார்கள், வலுவுக்குத் திறன் என்பார்கள். இங்கே வினைத்திறன் என்பது கொடுத்த சக்தியில் எவ்வளவு பயன்பட்டது என்ற கணக்கு. திறனையும் வினைத்திறனையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வருகிற பிள்ளைகள் ஒருவர் இருவர் இல்லை. போதாததற்கு செய்தியில் 'வலுசக்தி அமைச்சு' என்று வருகிறது, புத்தகம் பிரித்து வைத்த இரண்டும் அங்கே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிறவர்கள் விடையில் அலகைப் பாருங்கள். யூல் என்றால் சக்தி, வாற்று என்றால் வலு, வீடியோவில் எந்தப் பெயர் சொன்னாலும் சரி.