மேல் டிவிசன் முதலில்

எங்கள் தோட்டத்து மரண சகாய சங்கத்துக்கு ஒரு சின்ன வெப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். சங்கம் என்றதும் தொழிற்சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு உலகம், அந்தப் பக்கமே நான் போவதில்லை. இது ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் வருகிற சனத்தின் தேத்தண்ணிக்கும் காசு கொடுக்கிற சங்கம். மாதாமாதம் சந்தா. சம்பளம் போட்ட மறுநாளே பொருளாளர் மாமா கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லயம் லயமாக, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக, கிளம்பிவிடுவார்.

பக்கத்தில் இருப்பது ஒரே ஓர் அட்டவணை. பெயர், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), லயம், கடைசியாகச் சந்தா கட்டிய மாதம், பாக்கி. கமிட்டிக்காரர்கள் மட்டும் கடவுச்சொல் போட்டுப் பார்க்கலாம். அதை வரிசைப்படுத்த ரெடிமேட் பிளக்-இன் எத்தனையோ கிடைக்கும். தலைப்பைத் தட்டினால் அந்தப் பத்தியின்படி அடுக்கும், இன்னொரு தடவை தட்டினால் தலைகீழாக்கும். அப்படி ஒன்றைத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். அகரவரிசையில் பெயர்கள் அழகாக நின்றன. மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பேர் வரிசையில போட்டா நான் எப்படி புள்ள நடக்கிறது?"

நியாயமான கேள்வி. கமலா மேல் டிவிசனில், கருப்பையா கீழ் டிவிசனில். நடுவில் ஒரு மலை. டிவிசன் பெயரை அகரவரிசையில் அடுக்கினாலும் சரிவராது. கீழ், நடு, மேல், ஸ்டோர் என்று வரும். மாமா நடக்கிற வரிசை மேல், நடு, ஸ்டோர், கீழ். காலையில் கொழுந்து லொறியிலோ ஆட்டோவிலோ மேலே போய் இறங்கி, அங்கிருந்து படிப்படியாகக் கீழே வருவார். ஏறிக்கொண்டே சந்தா வாங்க அவருடைய முழங்கால் விடாது. இந்த வரிசை எந்த அகராதியிலும் இல்லை. மாமாவுடைய முழங்காலில் இருக்கிறது. அதை யாராவது நிரலில் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிரவுசருக்குள் ஓடுகிற நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் இதற்கு வழி சுலபம். வரிசைப்படுத்தும் கட்டளைக்கு நாம் ஒரு ஒப்பீட்டைக் கொடுக்கலாம். எந்த இரண்டு வரியை நீட்டினாலும் எது முன்னால் என்று அது சொல்ல வேண்டும். விடை மைனஸ் என்றால் முதலாவது முன்னால், பிளஸ் என்றால் இரண்டாவது முன்னால், பூச்சியம் என்றால் இரண்டும் சமம். பல பத்திகளை வைத்து அடுக்குவதன் சூட்சுமம் இந்தப் பூச்சியத்தில்தான் இருக்கிறது. டிவிசன் ஒன்றாக இருந்தால் விடை பூச்சியம். அப்போது லயத்தைப் பார். லயமும் ஒன்றா, பெயரைப் பார். 'அல்லது' என்பதற்கான இரட்டைக்கோடு பூச்சியத்தைக் கண்டால் தானாக அடுத்ததற்குத் தாவிவிடும். ஆகவே முழு விஷயமும் ஒரே வரியில் அடங்குகிறது:

வரிசை[அ.டிவிசன்] - வரிசை[ஆ.டிவிசன்] || ஒப்பிடு(அ.லயம், ஆ.லயம்) || ஒப்பிடு(அ.பெயர், ஆ.பெயர்)

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க ஜாவாஸ்கிரிப்ட் அனுமதிக்கிறது. மேலே இருக்கிற வரி பிரவுசரில் அப்படியே ஓடும். ஹட்டனில் நான் கணினி வகுப்பு எடுக்கிற பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அ, ஆ என்பவை ஒப்பிடுகிற இரண்டு வரிகள். 'வரிசை' என்பது மேல் 1, நடு 2, ஸ்டோர் 3, கீழ் 4 என்று நான் எழுதி வைத்த சின்னப் பட்டியல். மாமாவுடைய நடை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து கீழே இருந்து ஏறுவேன் என்றால் அந்த நான்கு எண்களை மாற்றினால் போதும்.

'ஒப்பிடு' கொஞ்சம் பெரிய கதை. ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றி, யுனிகோட் எண் வரிசையில், அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுத்திருக்கிற எண்ணின்படி, அடுக்கும். லயம் 10 லயம் 9-க்கு முன்னால் வரும், ஏனென்றால் 1 என்ற எழுத்து 9-க்கு முன்னால். தமிழ்ப் பெயர்களில் கூத்து இன்னும் பெரிது. யுனிகோட் அட்டவணையில் ந-வை அடுத்து உடனே ன வைத்திருக்கிறார்கள். ர-வுக்குப் பக்கத்தில் ற. ல, ள, ழ என்று ஒரு வரிசை. ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் ஜ. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ய ர ல வ ழ ள ற ன, கிரந்த எழுத்துகள் அதற்கும் பின்னால். ஆகவே யுனிகோட் கணக்கில் கனகம்மா கமலாவுக்கு முன்னால் வந்துவிடுவார், வனிதா வள்ளியை முந்திவிடுவார், ஜெயா செல்விக்கும் ஞானத்துக்கும் நடுவில் போய் நிற்பார். பத்துப் பேர் இருக்கிற பட்டியலில் இது யாருக்கும் தெரியாது. ஆனால் செயலாளர் ஓய்வுபெற்ற வாத்தியார். வருடக்கணக்காக இடாப்பு கூப்பிட்டவர். ஜெயா ஏன் இங்கே நிற்கிறாள் என்று அவர் கேட்காமல் விடுவாரா?

இதற்கு மருந்து பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. இன்டல் கொலேட்டர் (Intl.Collator) என்று, மொழிக்கேற்பச் சொற்களை ஒப்பிடுகிற கருவி ஒன்று. மொழி தமிழ் என்று சொல்லி உருவாக்கினால் ழ, ள, ற, ன எல்லாம் நாம் படித்த இடத்துக்கு வந்துவிடும். கூடவே எண்களை எண்ணாகவே பார் என்று ஒரு விருப்பம் கொடுக்கலாம். அப்போது 5, 5ஏ, 10 என்று லயங்கள் ஒழுங்காக நிற்கும். அந்த 5ஏ ரொம்ப முக்கியம். பழைய ஐந்தாம் லயத்தின் கோடியில் பிறகு ஒட்டிக் கட்டிய காம்பராக்களுக்கு அந்தப் பெயர். வெறும் கழித்தல் போட்டிருந்தால் 5ஏ எண்ணே இல்லை என்று கணினி கையை விரித்திருக்கும். கொலேட்டரை ஒரு தடவை உருவாக்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது நல்லது. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் புதிதாக உருவாக்கினால் பெரிய பட்டியலில் வேகம் குறையும்.

அப்புறம் இனிஷியல். கொப்பியில் எல்லாப் பெயரும் 'ரா. கமலா', 'மு. வள்ளி' என்றுதான் இருக்கிறது. அதை அப்படியே அடுக்கினால் பட்டியல் அப்பாமார், புருஷன்மார் பெயர் வரிசையில் வரும். சந்தா கட்டுவது கமலா, வரிசையில் நிற்பது ராமையா! அதனால் திரையில் காட்டுகிற பெயர் வேறு, அடுக்குகிற பெயர் வேறு என்று பிரித்துவிட்டேன். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தரவுப் பண்பில் 'கமலா' மட்டும் இருக்கும், காட்டும்போது 'ரா. கமலா'. அடுக்கி முடித்த வரிகளை அட்டவணையில் மறுபடி சேர்த்தால் பிரவுசர் நகல் எடுக்காது, இருக்கிற வரியையே இடம் மாற்றும். பழசை அழிக்கிற வேலை மிச்சம்.

இதுவரை சொன்னதெல்லாம் தேடினால் எங்கேயும் கிடைக்கும். நான் ரொம்ப நேரம் உட்கார்ந்தது வேறொரு இடத்தில். வந்த தரவில் சில வரிகள் டிவிசன் என்றும் சில டிவிஷன் என்றும் இருந்தன. அதுகூடக் கண்ணுக்குத் தெரியும். 'ஸ்டோர்' இன்னும் மோசம். அதில் வருகிற 'டோ' யுனிகோடில் இரண்டு விதமாக இருக்கலாம்: ஓகாரக் குறி ஒரே எழுத்தாக, அல்லது முன்னால் இரட்டைச் சுழிக்கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு எழுத்தாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கொலேட்டரும் இரண்டையும் சமம் என்றே சொல்லும். ஆனால் என்னுடைய 'வரிசை' பட்டியலில் தேடும்போது கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

கிடைக்காவிட்டால் கழித்தலின் விடை 'எண்ணல்ல' என்ற ஒரு மதிப்பு. இரட்டைக்கோடு அதையும் பூச்சியம் மாதிரியே நினைத்துக்கொண்டு பேசாமல் அடுத்த பத்திக்குத் தாவிவிடும். பிழை என்று எந்தச் சத்தமும் வராது. விளைவைப் பாருங்கள். டிவிசன் தெரியாத ஒரு வரி, லயம் 3 என்று வையுங்கள். அதை மேல் டிவிசன் லயம் 5-உடன் ஒப்பிட்டால் டிவிசன் செல்லாது, லயம்தான் பேசும், 3 முன்னால். கீழ் டிவிசன் லயம் 1-உடன் ஒப்பிட்டால் 1 முன்னால். அதாவது கீழ் டிவிசன்காரர் இவருக்கு முன்னால், இவர் மேல் டிவிசன்காரருக்கு முன்னால், ஆனால் மேல் டிவிசன்காரர் கீழ் டிவிசன்காரருக்கு முன்னால். வட்டம்! இப்படி ஒரு ஒப்பீட்டைக் கொடுத்தால் எந்த வரிசைப்படுத்தும் முறையாலும் சரியான விடை தர முடியாது. ஒரே ஒரு வரி கெட்டிருந்தால் அது மட்டும் தவறான இடத்தில் நிற்காது, சுற்றியிருக்கிற நல்ல வரிகளையும் கலைத்துவிடும்.

எல்லாச் சொல்லையும் முதலில் யுனிகோட் இயல்பாக்கத்தில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன், ஷ-வை ச ஆக்கினேன். அதற்கும் அடங்காத வரிகளுக்கு டிவிசன் எண் பூச்சியம். அவை பட்டியலின் தலையில் வந்து நிற்கும். பலர் இப்படிப்பட்டதைக் கடைசியில் தள்ளுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, கடைசியில் இருப்பதை யாரும் திருத்தமாட்டார்கள். தலையிலே நின்றால் மாமாவுக்கு எரிச்சல் வரும், அன்றைக்கே திருத்திவிடுவார்.

தனி வீட்டுக்காரர்கள் வேறு பிரச்சினை. ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய புது வீடுகளுக்கு லய எண் இல்லை. வெறுமையாக விட்டால் அவை ஒவ்வொரு டிவிசனிலும் முதலில் வரும். வீடுகளோ ரோட்டுக்கு அந்தப் பக்கம். மாமா லயங்களை முடித்துவிட்டுத்தான் அங்கே போவார். ஆகவே டிவிசனுக்கும் லயத்துக்கும் நடுவில் இன்னொரு கேள்வி நுழைந்தது: தனி வீடா? ஆம் என்பதிலிருந்து இல்லை என்பதைக் கழித்தால் ஜாவாஸ்கிரிப்ட் 1 என்று விடை சொல்லும். விநோதமான கணக்குத்தான், ஆனால் இந்த இடத்துக்குக் கச்சிதம்.

கொஞ்சம் விவரம் தெரிந்த தம்பி ஒருவர் கேட்டார்: முதலில் பெயரால் அடுக்கு, பிறகு லயத்தால், கடைசியில் டிவிசனால், அப்படியே வந்துவிடுமே, இவ்வளவு ஏன்? வரும். சமமானவற்றின் பழைய வரிசையைக் கலைக்காத வகை அடுக்கலாக இருந்தால் வரும். அந்த உறுதி ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் 2019-இல்தான் வந்தது. குரோம் பிரவுசரில் 2018-இல் வந்த 70-ஆம் பதிப்புக்கு முன்னால், பத்து வரிக்கு மேல் போனால் சமமானவை கலைந்துவிடலாம். பத்து வரி வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும், அதுதான் வம்பு. மாமாவுடைய போன் எந்தக் காலத்தது என்று எனக்குத் தெரியும். ஒரே ஒப்பீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

இப்போது பக்கத்தின் மேலே இரண்டு பொத்தான்கள்: 'நடை', 'பெயர்'. மூன்றாவதாக 'பாக்கி' என்று ஒன்று வைக்கச் செயலாளர் கேட்டார், அதிகம் பாக்கி உள்ளவர் முதலில். செய்வது கஷ்டமே இல்லை. அந்த ஒரு பத்திக்கு மட்டும் அ, ஆ இரண்டையும் இடம் மாற்றிக் கழித்தால் அது மட்டும் தலைகீழாகும், பெயர் பழையபடி நேராக நிற்கும். மாமாதான் வேண்டாம் என்றார். கமிட்டிக்காரர் போன் வீட்டில் யார் கையிலும் இருக்கும், கடனாளி வரிசை என்று ஒன்று லயத்தில் சுற்றினால் அடுத்த மாதம் அந்த வீட்டுக் கதவு திறக்காது என்றார். வாத்தியாருக்கு மனமில்லை. பாக்கித் தொகை அந்தந்தப் பெயருக்கு நேரே தெரியும், ஆனால் அதை வைத்து அடுக்க முடியாது என்று முடிவாயிற்று. என் ஓட்டு மாமாவுக்குத்தான்.

ஒரே லயத்தில் இரண்டு செல்லம்மா இருக்கிறார்கள், இனிஷியலும் ஒன்று. அதற்காக ஒப்பீட்டின் வாலில் உறுப்பினர் எண்ணையும் சேர்த்திருக்கிறேன். யார் முன்னால் என்பதில் இரண்டு பேருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒருவர் கட்டியது மற்றவர் கணக்கில் ஏறாமல் இருந்தால் சரியாம்.