பொட்டாசியம் 6.8 என்று ரிப்போர்ட் வந்தால்

செங்கோட்டை, புளியரை பக்கத்துக் கிளினிக் சிஸ்டர்மார் கவனத்துக்கு. ரத்தத்தில் பொட்டாசியம் 6.8, ஆபத்தான அளவுக்கு அதிகம்; ஆளோ தெம்பாக டீ குடிக்கிறார். முதல்ல டாக்டர்கிட்ட சொல்லி ஈசிஜி எடுங்க. அப்புறம் ட்யூபைச் சந்தேகப்படுங்க; ரத்தம் எடுத்த விதத்தாலயே பொய்யா ஏறியிருக்கலாம்.

ஊதா மூடி ட்யூபில் இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ, ரத்தம் உறையாமல் தடுக்கிற உப்பு. அந்த ரத்தம் ஒரு துளி சிவப்பு மூடி ட்யூபுக்குப் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். ரெண்டும் சேர்ந்து வந்தா பெரும்பாலும் இதுதான் கதை. ட்யூபில் ரத்தம் நிரப்பும்போது நீலம், சிவப்பு, ஊதா, சாம்பல்: இந்த வரிசை மாறக்கூடாது.

டூர்னிக்கெட் (கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கையை மூடித் திறக்கச் சொல்றது நம்ம ஊர்ல விடாத பழக்கம், அதுவும் பொட்டாசியத்தை ஏத்தும். ஊசியோடு பீய்ச்சினா சிவப்பணு உடையும்; கழற்றிட்டு ட்யூப் சுவரோரமா விடுங்க.

சீரம் (உறைந்த ரத்தத்தின் மேலே தெளியும் நீர்) பிரிக்காத ரத்தத்தை ஐஸ் வச்சு தென்காசி பஸ்ஸில் அனுப்பாதீங்க. குளிர்ல அணுவுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளியே கசியும்.