திரும்பி வர வேண்டியதில்லை, தாயி

தங்கச்சிமடத்துல எங்க தெருப் பிள்ளை. ரெண்டு காதும் சரியா கேக்காது, ஒரு காலும் பலம் குறைவு. ஒண்ணாம் வகுப்பு சேக்கப் போன இடத்துல, "இவளுக்குன்னு தனிப் பள்ளி இருக்கே, அங்க கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க. அவ அம்மா ஒண்ணும் பேசாம வந்துட்டா. எனக்குத்தான் மனசு ஆறல.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 31. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயசுலருந்து 18 வரைக்கும் இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியாங்கறது நம்ம விருப்பம்.

சேத்துக்கிட்டா மட்டும் போதாது. காது மெஷின் மாட்டிட்டா எல்லாம் கேட்டுரும்னு பலரும் நினைக்கறாங்க. அது டீச்சர் குரலோட ஃபேன் சத்தத்தையும், சன்னல்ல அடிக்கிற கச்சான் காத்தையும் சேத்தே பெருசாக்கும். கொஞ்ச தூரம் தள்ளி உக்காந்தா பேச்சு தெளியாது. அதனால முன் பெஞ்சு வேணும். டீச்சர் போர்டு பக்கம் திரும்பிக்கிட்டே பேசக் கூடாது. வெளிச்சம் முகத்துல விழணும், உதட்டைப் பாத்துதான் பிள்ளை பாதி புரிஞ்சுக்குது. இதுக்கு அஞ்சு பைசா செலவில்லையே!

நம்ம ஊர் ஈரக் காத்துக்கு மெஷின் சீக்கிரம் கெட்டுரும். ராத்திரி பேட்டரியக் கழட்டிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல மூடி வைங்க.

வட்டார வள மையத்துல, அதான் நம்ம வட்டாரப் பள்ளிகளுக்கு உதவற கல்வித் துறை அலுவலகத்துல, இப்படிப் பிள்ளைங்களுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்காங்க. திங்கக்கிழமை அவ அம்மாவோட நானும் அங்க போறேன். இதே நிலைமையில பிள்ளை வச்சிருக்கவங்க பாம்பன், மண்டபம் பக்கம் இருந்தா சொல்லுங்க, சேந்தே போவோம்.