18 லைன் ப்ரோக்ராமுக்கு 47 எரர்

எண்ணியே பாத்துட்டேன், 47. ப்ரோக்ராம் மொத்தமே 18 லைன்தான், ரெண்டு நம்பர வாங்கி கூட்டிக் காட்டணும், அவ்ளோதான். பி.காம் முடிச்சுட்டு ஈரோட்டுல இருந்து பெங்களூர் வந்து சி (C) ப்ரோக்ராமிங் கோர்ஸ் சேந்த ரெண்டாவது வாரம் இது.

முக்கால்வாசி 'ஸ்ட்ரே 342', 'ஸ்ட்ரே 200', 'ஸ்ட்ரே 234'ன்னே வருது (ஸ்ட்ரேன்னா சம்பந்தமில்லாம வந்து நிக்கிற எழுத்து). சென்டர் சாருக்கு போன் போட்டா இன்ஸ்டாலேஷன்ல கோளாறு, அழிச்சுட்டு திரும்பப் போடுங்கன்னார். ராத்திரி பூரா ஹாட்ஸ்பாட்ல டவுன்லோட் பண்ணி போட்டேன், அதே 47. சரி நேர்லயே காட்டிடலாம்னு லேப்டாப்ப தூக்கிட்டு மடிவாளால இருந்து மாரத்தஹள்ளிக்கு கிளம்பி, சில்க் போர்டுலயே முக்கால் மணி நேரம் நின்னு போய் சேந்தா, அஞ்சு செகண்ட் ஸ்கிரீன பாத்துட்டு "லேப் சிஸ்டத்துல ஓடுதே, உங்க லேப்டாப்தான் சரியில்ல"ன்னுட்டார். லேப்ல ஓடுனது அவர் கையால அடிச்ச ஃபைல். அது அப்ப எனக்கு உறைக்கல.

நான் தங்கியிருந்த பிஜில (பேயிங் கெஸ்ட் விடுதி) பக்கத்து ரூம் திண்டுக்கல் அண்ணன்தான் காப்பாத்துனார். "ஏன்டா கீழ இருந்து படிக்கிற, மொத எரர மட்டும் பாரு, மிச்சமெல்லாம் அதோட வாலு"ன்னார். மேல போய் பாத்தா 5வது லைன், ஸ்கிரீன்ல எழுத்த காட்டுற ப்ரின்ட்எஃப். நோட்ஸ் பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணியான்னு கேட்டார். ஆமா. எழுத்த பெருசாக்கி காட்டுனார், டபுள் கோட்ஸ் (மேற்கோள் குறி) நேரா இல்லாம தலைய சாய்ச்சுக்கிட்டு வளைஞ்சு நிக்குது. அது கம்பைலருக்கு (நாம எழுதுறத மெஷின் பாஷைக்கு மாத்துற சாஃப்ட்வேர்) கோட்ஸே இல்லையாம். ஒவ்வொண்ணும் மூணு பைட், என்கிட்ட இருந்த பழைய ஜிசிசி (GCC) கம்பைலர் ஒவ்வொரு பைட்டுக்கும் தனியா ஒரு திட்டு. 342, 200, 234 அந்த மூணு பைட்டோட நம்பர்தான் (மூடுற கோட்ஸ்னா கடைசில 235 வரும்).

அந்த லைனெல்லாம் அழிச்சுட்டு கையால அடிச்சேன். 47 போய் 1 ஆச்சு. அது அடிக்கிறப்ப நானே விட்ட செமிகோலன் (;). 'பிஃபோர் ரிட்டர்ன்'னு வந்தா ரிட்டர்ன்ல தப்பு இல்லங்க, அதுக்கு முந்தின லைனோட கடைசிய பாருங்க, நான் ரிட்டர்னையே கால் மணி நேரம் முறைச்சுட்டு இருந்தேன்.

எரர் ஜீரோ! ஓட்டி 12ன்னு அடிச்சேன், க்ராஷ். நம்பர வாங்குற ஸ்கேன்எஃப்ல ஆம்பர்சண்ட் (&) காணோம், கம்பைலர் வாயே திறக்கல. கேப்பிட்டல் டபிள்யூ வெச்சு மைனஸ் டபிள்யூ ஆல் (-Wall) போட்டு கம்பைல் பண்ணுங்க, வார்னிங்காச்சும் வரும்.

மறுநாள் சார்கிட்ட கோட்ஸ் விஷயத்த சொன்னேன். "அதான் ஓடிருச்சுல்ல"ன்னார். புது பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல நேத்து அதே பிடிஎஃப் வந்திருக்கு.