மண்வெட்டியோட வந்தவங்க, முதலாளியானவங்க

அமெரிக்கால இருந்த ஐரிஷ்காரங்கன்னாலே 1840கள்ல அயர்லாந்துல வந்த உருளைக்கிழங்கு பஞ்சம், கப்பல், நியூயார்க் சேரின்னு ஆரம்பிச்சு நேரா கென்னடி குடும்பத்துக்கு தாவிடறாங்க. எனக்கு நடுவுல இருக்கறவங்கதான் முக்கியமா படுது, அதாவது கூலியா வந்து, மேஸ்திரியாகி, கான்ட்ராக்ட் எடுக்கற அளவுக்கு வளர்ந்தவங்க.

ஹியூ கம்மிஸ்கியையே எடுத்துக்கோங்க. 1822ல பாஸ்டன் பக்கத்துல இருக்கற சார்ல்ஸ்டவுன்லேர்ந்து சுமார் முப்பது ஐரிஷ் ஆளுங்களை கூட்டிக்கிட்டு நடந்தே கிளம்பறார், போய் சேந்த இடம்தான் பின்னாடி லோவெல்னு மில்லு ஊரா ஆச்சு. அங்க மெரிமாக் ஆறு அருவியில முப்பது அடிக்கு மேல இறங்குது, அந்த தண்ணியை கால்வாய்ல திருப்பினாத்தான் மில்லு சக்கரம் சுத்தும். அந்த கால்வாயை அகலப்படுத்தற வேலைதான் இவங்களுக்கு. பாறையில கையால துளை போடணும், கருமருந்து கெட்டிச்சு வெடிக்கணும், சிதறின கல்லை அள்ளணும், அப்புறம் கிரானைட்ல கரை கட்டணும், எல்லாமே உடம்பு பலத்துலதான். மில்லுல தறி ஓட்ட வந்த நியூ இங்கிலாந்து பொண்ணுங்களுக்கு கம்பெனி விடுதி கட்டிக் குடுத்துச்சு, கால்வாய் வெட்டினவங்களுக்கு ஒண்ணும் இல்ல, அவங்களே பலகையும் மண்ணும் வச்சு குடிசை போட்டுக்கிட்டாங்க. அந்த ஏரியாவுக்கு ஏக்கர்னே பேர் நின்னுபோச்சு. கம்பெனிக்கு ஆள் வேணும்னா கம்மிஸ்கி, ஆளுங்களுக்கு வேலை வேணும்னாலும் கம்மிஸ்கி. ரெண்டு பக்கமும் பதில் சொல்ற இந்த இடம் சாதாரணமில்ல, ஐரிஷ் தொழில்முனைவோட முதல் படியே இதுதான்னு நான் நினைக்கறேன்.

1834லயும் 1836லயும் அந்த மில்லு பொண்ணுங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, அப்புறம் மெல்ல மெல்ல வெளியேற ஆரம்பிச்சாங்க, பஞ்சத்துக்கு அப்புறம் வந்த ஐரிஷ் பொண்ணுங்க அந்த தறிகளுக்கு போனாங்க.

மேற்குல மொன்டானால மார்கஸ் டேலி. அயர்லாந்துல கேவன்ல பொறந்து, சின்ன வயசுலயே கையில காசில்லாம வந்து, சுரங்கத்துல இறங்கி தொழில் கத்துக்கிட்டவர். வெள்ளிக்காக வாங்கின அனகோண்டா சுரங்கத்துல செம்பு கிடைச்சது, கரண்ட் கம்பிக்கு செம்பு தேவை ஏறின நேரம் அது. முதலீடு சுரங்க முதலாளி ஜார்ஜ் ஹர்ஸ்ட், அவரோட கூட்டாளிங்களோடது, பாறையை பாத்து சொல்ற கண்ணு டேலியோடது. அந்த சுரங்கம் இருந்த பியூட் ஊர்ல ஐரிஷ்காரங்களுக்கு தாராளமா வேலை குடுத்தார். ஆனா அங்க ஒரு நாள் கூலி 3.50 டாலரா நின்னதுக்கு டேலியை மட்டும் புகழ முடியாது, அவர் அனகோண்டாவை வாங்கறதுக்கு முன்னாடியே, 1878ல, சுரங்க முதலாளிங்க கூலியைக் குறைக்க பாத்தப்போ தொழிலாளிங்க சங்கம் கட்டிட்டாங்க.